நார்வேயிலிருந்து இரத்மலானை வரை: 803-ஆம் கடற்படை விமானப் பிரிவு

பிரிட்டிஷ் கடற்படையின் 803-ஆம் ஸ்குவாட்ரன், இரண்டாம் உலகப் போரில் நார்வேயின் பனிக்கரையில் தொடங்கி, மத்தியதரைக் கடல், எகிப்தின் பாலைவனம் எனச் சுற்றி, கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் மேலே சண்டையிட்ட சண்டை விமானப் பிரிவு. விமானந்தாங்கிக் கப்பலுக்காகவே உருவான இந்தப் பிரிவு, தன் மிகக் கடினமான சோதனையைத் தரையில் இருந்தபடி இலங்கையில்தான் சந்தித்தது. 1942 ஏப்ரலில் நடந்த அந்தச் சோதனையின் அதிர்வு சென்னை நகரத்தையே காலி செய்ய வைத்தது. இருந்தும் தமிழில் இதைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை.

இந்தப் பிரிவு 1933 ஏப்ரலில் ஹாக்கர் ஆஸ்ப்ரே என்ற இரட்டை இறக்கை விமானங்களுடன் அமைக்கப்பட்டது. முதலில் சீனக் கடல் பகுதியில் ஈகிள் கப்பலிலும், பின்னர் ஹெர்மிஸ் கப்பலிலும் இருந்தது. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டப்பட்ட உலகின் முதல் கப்பல்களுள் ஹெர்மிஸ் ஒன்று. 1924-இல் பணியில் சேர்ந்தது. அந்தக் கப்பலின் பெயர் இந்தக் கதையில் மறுபடி வரும். 1937-இல் கலைக்கப்பட்ட 803, போர் நெருங்கிய 1938 நவம்பரில் மீண்டும் உயிர்பெற்றது.

அன்றைய பிரிட்டிஷ் கடற்படை விமானங்கள் ஏன் பின்தங்கியிருந்தன என்பதற்கு நிர்வாகக் காரணம் ஒன்று உண்டு. 1918-இல் விமானப்படை தனிப் படையாக உருவானபோது கடற்படையின் விமானங்களும் அதன் கைக்குப் போயின. கப்பல் ஒருவருடையது, அதிலிருந்து பறக்கும் விமானம் இன்னொருவருடையது என்ற நிலை இருபது ஆண்டுகள் நீடித்தது. தரையிலிருந்து பறக்கும் குண்டுவீச்சு விமானங்களுக்கே விமானப்படையின் பணமும் கவனமும் போயின. கடற்படைக்கு முழு உரிமை திரும்பக் கிடைத்தது 1939 மே மாதத்தில்தான். போர் தொடங்க அப்போது மூன்றே மாதம் இருந்தது.

இன்னொரு காரணம் ஒரு நம்பிக்கை. கடலுக்கு மேலே பறப்பவருக்கு அடையாளம் காட்ட மலையோ ஆறோ கிடையாது. புறப்பட்ட கப்பலும் இருந்த இடத்தில் நிற்பதில்லை; ஒன்றிரண்டு மணி நேரத்தில் பல மைல் தள்ளிப் போயிருக்கும். ஆகவே விமானியின் பின்னே ஒருவர் அமர்ந்து வரைபடம் பார்த்து, கம்பியில்லாத் தந்தியைக் கேட்டு, கப்பலுக்குத் திரும்பும் வழியைச் சொல்ல வேண்டும் என்று கடற்படை கருதியது. இரண்டாவது ஆளுக்கு இருக்கை வைத்தால் விமானம் நீளும், கனக்கும், வேகம் குறையும். பரவாயில்லை என்றார்கள். நடுக்கடலில் எதிர்கொள்ளப் போவது தரையிலிருந்து நெடுந்தூரம் பறந்து வரும் குண்டுவீச்சு விமானங்களை. அவற்றுக்குத் துணையாகச் சண்டை விமானங்கள் அவ்வளவு தூரம் வர முடியாது. வேகமான எதிரி இல்லாத இடத்தில் வேகம் எதற்கு என்பது அவர்கள் கணக்கு. அக்காலத்து ஐரோப்பாவை மட்டும் வைத்துப் பார்த்தால் அது முட்டாள்தனமான கணக்கல்ல. ஆனால் பசிபிக்கில் ஜப்பான் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை அதில் யாரும் சேர்க்கவில்லை.

இந்த நம்பிக்கையில் பிறந்த விமானம்தான் பிளாக்பர்ன் ஸ்குவா. சண்டை விமானமாகவும் இருக்க வேண்டும், செங்குத்தாகப் பாய்ந்து குண்டும் வீச வேண்டும் என்று இரட்டை வேலை அதற்கு. உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 360 கிலோமீட்டர். அதே காலத்தில் தரையிலிருந்து பறந்த ஸ்பிட்ஃபயர் 570 கிலோமீட்டரைத் தாண்டியது. ஸ்குவாவுடன் 803-ஆம் பிரிவு ஆர்க் ராயல் கப்பலில் போருக்குள் நுழைந்தது.

தொடக்கமே சரியில்லை. 1939 செப்டம்பர் 14 அன்று, யு-30 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒரு சரக்குக் கப்பலைத் தாக்கியபோது, உதவிக்கு 803-இன் ஸ்குவாக்கள் விரைந்தன. மிகத் தாழப் பறந்து வீசிய குண்டுகள் வெடித்த வேகத்தில் இரண்டு ஸ்குவாக்கள் தாமே கடலில் விழுந்தன. பின் இருக்கையில் இருந்த இருவரும் இறந்தார்கள். விமானிகள் இருவரையும் அந்த நீர்மூழ்கிக் கப்பலே தூக்கிக்கொண்டு போய்ச் சிறை வைத்தது. பன்னிரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 26 அன்று, அதே பிரிவின் ஸ்குவா ஒன்று டோர்னியர் 18 என்ற ஜெர்மன் வேவு விமானத்தை வட கடலில் வீழ்த்தியது. அந்தப் போரில் பிரிட்டிஷ் விமானங்கள் பெற்ற, உறுதிசெய்யப்பட்ட முதல் வான்வெற்றியாக அது பொதுவாக எண்ணப்படுகிறது.

1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மனி நார்வேயின்மீது படையெடுத்தது. பெர்கன் துறைமுகத்தில் கோனிக்ஸ்பெர்க் என்ற ஜெர்மன் குரூசர் போர்க்கப்பல், நார்வேக் கரைப் பீரங்கிகளால் அடிபட்டு நின்றிருந்தது. மறுநாள் விடியுமுன் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளிலுள்ள ஹேட்ஸ்டன் தளத்திலிருந்து 16 ஸ்குவாக்கள் புறப்பட்டன. 800-ஆம் பிரிவும் 803-ஆம் பிரிவும் சேர்ந்த அணி அது. 803-க்குத் தலைமை லெப்டினன்ட் வில்லியம் லூசி. போக 480 கிலோமீட்டர், வர 480 கிலோமீட்டர். ஸ்குவாவின் எண்ணெய்த் தொட்டிக்கு அதுதான் எல்லை. சற்று வழி தவறினாலும் கடல்தான். பொழுது விடியும் வேளையில் பெர்கனுக்கு மேலே வந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ந்து குண்டுகளை வீசினார்கள். கோனிக்ஸ்பெர்க் தீப்பிடித்துக் கவிழ்ந்து மூழ்கியது. போரில் விமானத் தாக்குதலால் மூழ்கடிக்கப்பட்ட முதல் பெரிய போர்க்கப்பல் அதுவே. திரும்பும் வழியில் ஒரு ஸ்குவாவை இழந்தார்கள். அவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடிந்ததற்குப் பின் இருக்கையில் இருந்த வழிகாட்டிகள் பெரிதும் காரணம் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு இருக்கை விமானம் தன் தகுதியைக் காட்டிய நாள் அது.

வெற்றியின் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மே 14 அன்று ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்களுடன் நடந்த சண்டையில் லூசி உயிரிழந்தார். தலைமை ஏற்ற ஜான் காசனுக்கு வந்த கட்டளை இன்னும் கொடியது. டிரோன்ஹைம் துறைமுகத்தில் நின்ற ஷார்ன்ஹோர்ஸ்ட் போர்க்கப்பலை ஜூன் 13 அன்று தாக்க வேண்டும். அந்த மாதத்தில் அந்த அட்சரேகையில் இரவே இருட்டாவதில்லை. கரையோரம் முழுக்க ஜெர்மன் பீரங்கிகள். அருகே மெசர்ஷ்மிட் சண்டை விமானங்களின் தளம். ஆர்க் ராயலிலிருந்து போன 15 ஸ்குவாக்களில் 8 திரும்பவில்லை. கப்பலில் விழுந்த ஒரே குண்டும் வெடிக்கவில்லை. காசன் சிறைப்பட்டு, போர் முடியும்வரை கைதி முகாமில் இருந்தார். வேகமான சண்டை விமானம் எதிரே வந்தால் கடற்படையின் இரட்டை இருக்கை விமானம் என்ன ஆகும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. அதைப் பாடமாக எடுத்துக்கொண்டு உடனே மாற்று விமானம் தர பிரிட்டனிடம் அப்போது எதுவும் இல்லை.

1940 அக்டோபரில் 803-க்கு ஃபேரி ஃபுல்மர் விமானங்கள் கிடைத்தன. இதுவும் இரண்டு இருக்கை. ஆனால் ஸ்பிட்ஃபயரில் இருந்த அதே மெர்லின் வகை எந்திரமும், இறக்கையில் எட்டு இயந்திரத் துப்பாக்கிகளும் இருந்தன. நெடுநேரம் வானில் நிற்கும், நிறையத் தோட்டா சுமக்கும். வேகம் மட்டும் மணிக்கு 400 கிலோமீட்டரை ஒட்டியே நின்றது. பின்னர் வந்த இரண்டாம் வகை ஃபுல்மர் சற்றே கூடுதல். ஃபார்மிடபிள் கப்பலில் ஏறிய 803, ஆப்பிரிக்காவைச் சுற்றி மத்தியதரைக் கடலுக்குப் போனது. அதற்குமுன் அங்கிருந்த இல்லஸ்ட்ரியஸ் கப்பலை 1941 ஜனவரியில் ஜெர்மன் விமானங்கள் சிதைத்திருந்தன. அந்தக் கப்பலின் சண்டை விமானப் பிரிவான 806-உம் ஃபுல்மர் ஓட்டிய பிரிவுதான். இந்த இரண்டு பிரிவுகளின் வழியும் இதன்பின் பல இடங்களில் ஒன்றாகவே போயிற்று.

மத்தியதரைக் கடலில் ஃபுல்மர் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே உழைத்தது. கப்பலில் ரேடார் வந்துவிட்டதால், எதிரி எத்தனை மைல் தொலைவில் எந்தத் திசையில் வருகிறான் என்று கப்பலிலிருந்தே சொல்லி விமானத்தை அனுப்ப முடிந்தது. துணையின்றி வந்த இத்தாலியக் குண்டுவீச்சு விமானங்களுக்கு எட்டுத் துப்பாக்கிகள் போதும். 1941 மார்ச் 28 அன்று, கிரேக்கத்துக்குத் தெற்கே மாட்டபான் முனையருகே நடந்த கடற்போரில், இத்தாலியக் கப்பல்களைத் தாக்கப் போன ஃபார்மிடபிளின் டார்பிடோ விமானங்களுக்கு 803-இன் ஃபுல்மர்கள் காவலாகப் பறந்தன. அன்றிரவு இத்தாலி மூன்று கனரகக் குரூசர்களையும் இரண்டு டிஸ்ட்ராயர்களையும் இழந்தது. கடற்படை விமானங்களில் எதிரி விமானங்களை மிகுதியாக வீழ்த்திய வகைகளில் ஃபுல்மர் முன்னணியில் நிற்பதற்கு இந்த மாதங்களே காரணம்.

மே 26 அன்று கிரீட் தீவுப் போரின்போது ஜெர்மன் குண்டுகள் ஃபார்மிடபிளையும் பதம் பார்த்தன. கப்பல் பழுதுபார்க்க அமெரிக்காவுக்குப் போக, 803 கரையில் தங்கியது. ஹரிக்கேன் விமானங்களைப் பெற்று, 805, 806 பிரிவுகளோடு சேர்ந்து, எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் தரைப்படைக்கு மேலே பறந்தது. கடற்படை விமானிகள் மணற்புயலில் கூடாரம் போட்டு வாழ்ந்த காலம் அது.

1941 டிசம்பரில் ஜப்பான் போரில் குதித்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். இந்தியப் பெருங்கடலில் பிரிட்டனுக்கு எஞ்சிய பெரிய துறைமுகங்கள் கொழும்பும் திருகோணமலையும். 803-உம் 806-உம் மீண்டும் ஃபுல்மர்களைப் பெற்று இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கொழும்புக்குத் தெற்கே இரத்மலானை விமானத்தளத்தில் இறங்கின. கூடவே விமானப்படையின் 30-ஆம் பிரிவு ஹரிக்கேன்கள் அங்கே இருந்தன. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலை ஓடுபாதையாக்கி 258-ஆம் பிரிவு ஒளிந்திருந்தது. அந்தத் திடல் விமானத்தளமாக மாறியது ஜப்பானியருக்குத் தெரியாது.

எதிரே வந்தது வைஸ் அட்மிரல் நகுமோவின் கப்பற்படை. பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களில் ஐந்து இதில் இருந்தன: அகாகி, ஹிரியூ, சோரியூ, ஷோகாகு, ஜுய்காகு. அவற்றின் சண்டை விமானம் ஜீரோ. ஒரே ஆள் ஓட்டுவது, மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் பறப்பது, சட்டென்று திரும்புவது, இத்தனையும் கப்பலிலிருந்தே. நடுக்கடலில் வேகமான சண்டை விமானம் வராது என்ற பிரிட்டிஷ் கணக்குக்கு நேர் எதிரான விமானம் அது. ஏப்ரல் 4 மாலை, காலியை அடுத்த கொக்கலையிலிருந்து பறந்த கேட்டலினா வேவு விமானத்தின் கனடிய விமானி லெனார்ட் பர்ச்சல் இந்தப் படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜீரோக்கள் அவருடைய விமானத்தை வீழ்த்தின; அவர் ஜப்பானியரிடம் சிறைப்பட்டார்.

செய்தி கிடைத்தும் மறுநாள் காலை கொழும்பு தயாராக இல்லை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. சுமார் 125 ஜப்பானிய விமானங்கள் ஏழரை மணியளவில் வந்து சேர்ந்தன. ரேடார் எச்சரிக்கை உரிய நேரத்தில் வரவில்லை. தலைக்கு மேலே எதிரி வந்தபிறகே இரத்மலானையில் விமானங்கள் ஓடத் தொடங்கின. உயரமே இல்லாமல், வேகம் எடுக்கும் முன்பே, மேலிருந்து பாய்ந்த ஜீரோக்களிடம் அவை சிக்கின. அன்று எழுந்த ஃபுல்மர்கள் ஆறு. அவற்றில் நான்கு வீழ்ந்தன. ஹரிக்கேன்களில் இருபது வரை இழப்பு. திருகோணமலைப் பக்கமிருந்து டார்பிடோக்களைச் சுமந்துகொண்டு, நடப்பது தெரியாமல் கொழும்புக்கு வந்த ஆறு ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்களும் ஒட்டுமொத்தமாகச் சுட்டு வீழ்த்தப்பட்டன. கொழும்புத் துறைமுகத்தில் ஹெக்டர், டெனடோஸ் கப்பல்கள் மூழ்கின. ஜப்பானியர் இழந்தது ஏழு விமானங்கள். துறைமுகத்தை முடக்க வந்தவர்கள் முழுதாக முடக்காமல் போனதற்கு, இந்தச் சமமற்ற சண்டையில் எழுந்து நின்றவர்களுக்கும் கரைப் பீரங்கிகளுக்கும் பங்குண்டு. அதே நாள் பிற்பகல் தெற்கே திறந்த கடலில் டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரு கனரகக் குரூசர்கள், மேலே காவலுக்கு ஒரு சண்டை விமானமும் இல்லாமல், சில நிமிடங்களில் மூழ்கின. 424 பேர் இறந்தனர்.

நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9 அன்று, திருகோணமலை. தாக்குதல் வருகிறது என்று தெரிந்து ஹெர்மிஸ் முந்தைய இரவே துறைமுகத்தை விட்டுக் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே போயிருந்தது. அதன் விமானங்கள் கரையில் இறக்கப்பட்டிருந்தன. விமானந்தாங்கிக் கப்பலில் விமானமே இல்லை. திருகோணமலை தாக்கப்பட்டு முடிந்ததும் துறைமுகத்துக்குத் திரும்பும் வழியில் மட்டக்களப்புக்கு அருகே ஜப்பானிய வேவு விமானம் அதைக் கண்டுவிட்டது. பத்தரை மணிக்குமேல் குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. நாற்பது குண்டுகள் வரை விழுந்ததாகக் கணக்கு. இருபது நிமிடத்துக்குள் கப்பல் மூழ்கியது. தளபதி ஆன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தனர். துணைக்கு வந்த ஆஸ்திரேலிய டிஸ்ட்ராயர் வாம்பயரும் மூழ்கியது. வீட்டா என்ற மருத்துவக் கப்பல் நூற்றுக்கணக்கானோரைக் கடலிலிருந்து தூக்கியது.

சண்டை விமானப் பாதுகாப்பு கேட்டு ஹெர்மிஸ் அனுப்பிய அழைப்பு, காலையில் அடிபட்டுக் கிடந்த திருகோணமலையின் தொடர்புக் குழப்பத்தில் சிக்கித் தாமதமானது. இரத்மலானையிலிருந்து தீவின் குறுக்கே பறந்த 803, 806 பிரிவுகளின் ஃபுல்மர்கள் வந்து சேர்ந்தபோது ஹெர்மிஸ் கடலடியில் இருந்தது. ஒருகாலத்தில் தன் சொந்த விமானங்கள் நின்ற கப்பலைக் காக்க 803 வந்தது. காக்க எதுவும் மிஞ்சவில்லை. அப்பகுதியில் வேறு கப்பல்களைத் தேடித் தாக்கிக்கொண்டிருந்த ஜப்பானிய விமானங்களோடு ஃபுல்மர்கள் மோதின. இரு பக்கமும் இழப்பு ஏற்பட்டது. இங்கே எதிரே இருந்தவை துணையில்லாத குண்டுவீச்சு விமானங்கள். அத்தகைய எதிரிக்கு ஃபுல்மர் அன்றும் ஈடுகொடுத்தது. ஒரு மணி நேரம் முன்னதாக அந்த எட்டுத் துப்பாக்கிகள் ஹெர்மிஸின் தலைக்கு மேலே நின்றிருந்தால் பல உயிர்கள் மிஞ்சியிருக்கும் என்றே தோன்றுகிறது. விமானத்தின் குறை கொழும்பில் தெரிந்தது. மட்டக்களப்பில் தெரிந்தது கட்டளையின், செய்தித் தொடர்பின் குறை. இரண்டையும் ஒன்றாகக் கலந்து, எல்லாப் பழியையும் பழைய விமானத்தின்மேல் போடும் வழக்கம் சரியல்ல.

தமிழகத்தில் இதன் எதிரொலி உடனே கேட்டது. ஏப்ரல் 6 அன்று வேறொரு ஜப்பானியக் கப்பல் பிரிவின் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசின. அடுத்தது சென்னைதான் என்று அரசே நம்பியது. ஊரை விட்டுப் போகக்கூடியவர்கள் போகலாம் என்று அறிவித்தது. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்கு மாறியது. மற்ற அலுவலகங்களும் உள்நாட்டு ஊர்களுக்குப் பிரிந்து போயின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. காஞ்சிபுரம், தாமல், வாலாஜா என மேற்கே வேலூருக்குப் போகும் பெருஞ்சாலை போன்ற வழிகளெல்லாம் அன்று கடற்கரையை விட்டு விலகும் வழிகளாயின. நகுமோவின் கப்பல்கள் அதற்குள் கிழக்கே திரும்பிவிட்டன என்பது சென்னைக்குத் தெரிந்திருக்கவில்லை.

பிரிட்டிஷ் கப்பற்படையும் இலங்கையை விட்டுக் கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் பின்வாங்கியது. 803-உம் அந்தப் பக்கம் போய், 1943 ஆகஸ்டில் தாங்கனிக்காவின் தாங்கா தளத்தில் கலைக்கப்பட்டது. 806 அதற்கு முன்பே, அந்த ஆண்டு தொடக்கத்தில் கலைந்திருந்தது.

கப்பற்படை இலங்கைக்குத் திரும்பியபோது விமானமும் மாறியிருந்தது. 1944-இல் திருகோணமலையில் நின்ற இல்லஸ்ட்ரியஸின் 1830, 1833 பிரிவுகள் அமெரிக்கக் கோர்சேர் விமானங்களை ஓட்டின. ஒற்றை இருக்கை, மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் வேகம். கப்பலுக்குத் திரும்பும் வழியை ரேடியோ அலையும் ரேடாரும் காட்டின. அதற்காக ஓர் ஆளைச் சுமக்கத் தேவையில்லை. அந்த ஆண்டு ஏப்ரல் 19 அன்று சுமத்ராவின் வட முனையை ஒட்டியுள்ள சபாங் துறைமுகத்தையும், மே 17 அன்று ஜாவாவின் சுரபாயாவையும் அமெரிக்கக் கப்பல் சரடோகாவோடு சேர்ந்து தாக்கினார்கள். 1945 ஜனவரியில் திருகோணமலையிலிருந்து புறப்பட்ட நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள், சிட்னிக்குப் போகும் வழியில் பலேம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை 24, 29 ஆகிய இரு நாட்களில் தாக்கின. ஜப்பானுக்கு விமான எரிபொருள் தந்துகொண்டிருந்த ஆலைகள் அவை.

இந்தக் கப்பல்களுக்குத் தேவையான விமானங்களைப் பழுதுபார்த்துத் தயாராக்கிக் கொடுக்கும் வேலையில் தமிழகத்தின் மூன்று ஊர்களுக்குப் பங்குண்டு. கோயம்புத்தூர் பீளமேட்டில் இருந்த கடற்படை விமானப் பழுதுபார்ப்புத் தளத்துக்குக் கருடா என்று பெயர்; இன்று அது பன்னாட்டு விமான நிலையம். சூலூரில் ஒரு தளம், தாம்பரத்தில் ஒரு தளம். அவ்விரண்டும் இன்று இந்திய விமானப்படையிடம் இருக்கின்றன. கருடா என்ற பெயரை 1953-இல் கொச்சியில் தொடங்கிய இந்தியக் கடற்படை விமானத்தளம் சூடிக்கொண்டது.

803-ஆம் பிரிவு 1945 ஜூனில் ஸ்காட்லாந்தின் ஆர்பிராத் தளத்தில் மீண்டும் அமைக்கப்பட்டது. இம்முறை கிடைத்தவை ஸ்பிட்ஃபயரின் கடற்படை வடிவமான சீஃபயர், ஒற்றை இருக்கை விமானங்கள். பசிபிக்குக்குப் போகும் முன் போர் முடிந்துவிட்டது. 1946 ஜனவரியில் பிரிவு முழுவதுமாகக் கனடாக் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது.